ஒரு கிராம் ரப்பர் அடைக்கும் இடம்

நிக்கோபார் தீவுகளின் நடுக்கூட்டத்தில், கமோர்ட்டாவுக்கும் நங்கவுரிக்கும் மேற்கே இருக்கிறது கச்சால் தீவு. தமிழ்நாட்டில் பலர் இந்தப் பெயரை 2004 டிசம்பர் சுனாமிச் செய்திகளில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டி வாழ்ந்தன. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. திரும்பி வந்தவர்களுக்குத் தெரிந்த தொழிலைக் கொடுப்பது என்ற எண்ணத்தில் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களும் அவர்களுக்கு வேலையிடங்கள் ஆயின. ஒரு சிறு பகுதியினர் கப்பலேறிக் கச்சாலுக்குப் போனார்கள். பிறகு அந்தத் தோட்டத்தை 1977இல் அமைக்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் நடத்தியது.

அந்த மக்களின் கைவழியே சிரட்டைகளில் வடிந்த பாலுக்குள் இருந்த பொருள், இருபதாம் நூற்றாண்டு வேதியியலின் மிகக் கடுமையான சண்டைகளில் ஒன்றுக்குக் காரணமாக இருந்தது. ஒரு மூலக்கூறு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதுதான் சண்டை. அதில் முக்கியமான சாட்சியாக நின்றது ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும்.

பால் வெட்டு விடியுமுன் தொடங்கும். இரவில் மரம் அதிக நீரை இழப்பதில்லை. ஆகவே பட்டைக்குள் இருக்கும் பால் குழல்களில் அழுத்தம் ஏறிக்கிடக்கும். விடியும் நேரத்தில் அது 10 முதல் 15 வளிமண்டல அழுத்தம்வரை இருக்கும். வெயில் ஏற ஏற, இலைகள் நீரை ஆவியாக விட, அழுத்தம் இறங்கும். வெட்டுக்கத்தி பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இறங்குகிறது. பால் குழல்கள் மரத்தைச் சுற்றி எதிர்ச் சாய்வில் ஏறுவதால் இந்தக் கோணத்தில் வெட்டினால்தான் அதிகக் குழல்கள் திறக்கும். வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். தொடாமல் விடவேண்டிய பட்டையின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அரையிருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரு காலைப்பொழுதுக்குள் இதைச் செய்து முடிக்கும் கைத்திறனை நான் எந்த ஆய்வகத் திறனுக்கும் குறைவாக மதிக்கமாட்டேன்.

இப்படி வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்குக்கு ரப்பர் இருக்கிறது. மரத்தையும் பருவத்தையும் பொறுத்து 30 முதல் 40 சதவீதம் வரை. அவ்வளவு ரப்பர் இருந்தும் அது பால்தான். சிரட்டையைச் சாய்த்தால் தடையில்லாமல் வாளிக்குள் ஊற்றிக்கொள்ளலாம். இனி, அதே பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் இட்டு, புகைபோட்டு உலர்த்திய ரப்பர் ஷீட்டிலிருந்து ஒரு துண்டை நறுக்கி டொலுயீன் என்ற கரைப்பானில் போடுங்கள். நூறு மில்லிலிட்டருக்கு ஐந்து கிராம் போதும். சில நாளில் அது பாட்டிலைச் சாய்த்தாலும் நகரத் தயங்கும் பசையாகிவிடும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வைத்திருக்கும் ‘சொல்யூஷன்’ இந்த வகைதான். முப்பத்தைந்து சதவீதம் ரப்பர் இருந்தபோது ஓடிய பொருள், ஐந்து சதவீதத்தில் ஓட மறுக்கிறது. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொண்டால் மூலக்கூறின் எடையை அளக்கும் வழி தானாகத் திறந்துவிடும்.

பாலில் ரப்பர் கரைந்திருக்கவில்லை. நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொன்றின் விட்டமும் ஒரு மைக்ரோமீட்டரின் சிறு பகுதியிலிருந்து இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் வரை. புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த ஒரு மேலாடை அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. ஓர் உருண்டைக்குள் எத்தனையோ மூலக்கூறுகள் நெருங்கிச் சுருண்டு கிடக்கலாம். சுற்றியுள்ள நீருக்கு அது தெரியாது. நீர் சந்திப்பது உருண்டையின் வெளிப்புறத்தை மட்டுமே.

இத்தகைய உருண்டைகள் ஒரு நீர்மத்தின் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்று முதலில் கணக்கிட்டவர் ஐன்ஸ்டீன். 1906இல் வெளியான ஆய்வுரையில், உருண்டைகள் அடைக்கும் இடத்தின் விகிதத்துக்கு ஏற்ப பாகுநிலை கூடும் என்று காட்டினார். உருண்டை சிறிதா பெரிதா என்பது அந்தச் சமன்பாட்டில் வரவே இல்லை. மொத்த இடத்தில் எவ்வளவு பங்கை அவை பிடித்திருக்கின்றன என்பது மட்டும்தான் கணக்கு. அந்தப் பங்கைப் பெருக்கும் எண்ணை அவர் முதலில் ஒன்று என்றே எழுதினார். பாரிஸில் ழான் பெர்ரனின் ஆய்வகத்தில் பான்ஸ்லன் என்பவர் காம்போஜ் என்ற மஞ்சள் மரப்பிசினின் துகள்களை நீரில் கலந்து அளந்தபோது தடை அதைவிட மிக அதிகமாக வந்தது. கணக்கை மறுபடி பார்க்கச் செய்த ஐன்ஸ்டீன், 1911இல் அந்த எண்ணை 2.5 என்று திருத்தினார். ஒரு மரத்தின் பிசின் ஐன்ஸ்டீனின் பிழையைக் காட்டிக்கொடுத்தது என்பது, மரப்பாலைப் பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விடக்கூடாத செய்தி.

ஆக, ரப்பர் பாலின் பாகுநிலையை அளந்தால் அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று மதிப்பிடலாம். ரப்பர் மூலக்கூறு எவ்வளவு நீளம் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமானால் உருண்டையை உடைத்து, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு நல்ல கரைப்பானில் மிதக்கவிட வேண்டும்.

ரப்பர் மூலக்கூறு ஐசோப்ரீன் என்னும் சிறு அலகு மீண்டும் மீண்டும் இணைந்த சங்கிலி. ஓர் அலகின் மோலார் நிறை 68. மொத்த மோலார் நிறை பத்து லட்சமாக இருக்கும் ஒரு சங்கிலியில் ஏறத்தாழ 14,700 அலகுகள். இழுத்து நீட்டினால் சுமார் ஆறு மைக்ரோமீட்டர். கரைசலில் அது நீண்டு நிற்பதில்லை. வெப்ப அசைவில் ஓயாமல் நெளிந்து, சுருண்டு, தளர்ந்த ஒரு குவியலாக இருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரம் ஒரு மைக்ரோமீட்டரின் பத்தில் ஒரு பங்கையொட்டி வரும். கடலில் அமிழ்ந்த மீன்வலைக் குவியலை எண்ணிக்கொள்ளுங்கள். நூலின் கன அளவு ஒரு கைப்பிடிக்கு மேல் தேறாது. ஆனால் வலையை இழுக்கும்போது கண்ணிகளுக்குள் அகப்பட்ட தண்ணீரும் சேர்ந்து நகர்கிறது. கை உணர்வது அந்தத் தண்ணீரின் கனத்தையும்தான். டொலுயீனில் ரப்பர் சங்கிலி செய்வதும் இதுவே. தன்னைப்போல் பல மடங்கு கரைப்பானை உள்ளே வளைத்துக்கொண்டு ஒரே உருண்டையாக நகர்கிறது.

எத்தனை மடங்கு என்று ஐன்ஸ்டீனின் 2.5ஐ வைத்தே கணக்கிட்டுவிடலாம். பத்து லட்சம் மோலார் நிறையுள்ள ரப்பர், டொலுயீனில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் என்ற பாகுநிலை அளவைக் காட்டும். அந்த அளவு எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம். அதை 2.5ஆல் வகுத்தால் 200. ஒரு கிராம் ரப்பர் கரைசலுக்குள் 200 மில்லிலிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது! உலர்ந்த நிலையில் அதே ஒரு கிராம் அடைக்கும் இடம் 1.1 மில்லிலிட்டருக்குள்தான். 180 மடங்குக்கும் மேல். நூறு மில்லிலிட்டரில் ஐந்து கிராம் கரைத்தால் அவை கேட்கும் இடம் ஒரு லிட்டர். இருப்பதோ நூறு மில்லிலிட்டர். குவியல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்ளாமல் வேறு வழியில்லை. பஞ்சர் சொல்யூஷனின் பிசுபிசுப்பு அந்தச் சிக்கலிலிருந்து வருகிறது.

சங்கிலி நீளமானால் குவியல் தளரும். ஒரு கிராம் அடைக்கும் இடம் கூடும். எனவே அந்த இடத்தை அளந்தால் நீளம் தெரியும். கேட்பதற்கு எளிது. ஆனால் இதை ஏற்க வேண்டுமானால் அவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்கிறது என்று முதலில் நம்ப வேண்டும். 1920களில் பெரும்பாலான வேதியியலாளர்கள் நம்பவில்லை.

அன்றைய பொதுக்கருத்து இது: ரப்பர், செல்லுலோஸ், மாவுப்பொருள் எல்லாம் சிறு மூலக்கூறுகள்தான், ஏதோ ஒரு பலவீனமான ஈர்ப்பால் அவை திரண்டு பெரியவையாகத் தோன்றுகின்றன. ரப்பரைப் பொறுத்தவரை, அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளின் மிச்ச ஈர்ப்பே சிறு வளையங்களைக் கட்டிப்போடுகிறது என்றார்கள். ஹெர்மன் ஸ்டவுடிங்கர் 1920இல் இதை மறுத்து, ஆயிரக்கணக்கான அலகுகள் சாதாரண வேதிப்பிணைப்பால் கோத்த நீண்ட சங்கிலி என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. இரட்டைப் பிணைப்புகள்தான் காரணம் என்றால் அவற்றை நீக்கிப் பார்ப்போம் என்று ரப்பரோடு ஹைட்ரஜனைச் சேர்த்தார். எதிர்த்தரப்பின் கணக்குப்படி ஈர்ப்பு போய், சிறு மூலக்கூறுகள் விடுபட்டு, வாலையில் வடியும் சாதாரண நீர்மம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. 1922இல் ஃபிரிட்ஷியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவில், ஹைட்ரஜன் ஏறிய ரப்பரும் ரப்பரைப்போலவே கொழகொழத்த கரைசலையே கொடுத்தது.

சங்கிலியின் நீளத்தைக் காட்ட அவர் பிடித்துக்கொண்ட கருவி பாகுநிலை. மோலார் நிறை இரட்டித்தால் பாகுநிலை அளவும் இரட்டிக்கும் என்று 1930ஆம் ஆண்டையொட்டி ஒரு நேர்விகித விதியை முன்வைத்தார். மூலக்கூறுகளை விறைத்த குச்சிகளாக அவர் எண்ணியிருந்தார். அது சரியல்ல. வெர்னர் கூன், சங்கிலி நெளிந்து சுருளும் என்று காட்டினார். ஹெர்மன் மார்க், ஹௌவிங்க், சகுராடா ஆகியோரின் வேலையால் நேர்விகிதம் ஓர் அடுக்கு விதியாக மாறியது. ஸ்டவுடிங்கர் தன் குச்சிகளை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மூலக்கூறு நீளமானது என்ற அடிப்படையில் அவர் சொன்னதே நின்றது. 1953இல், எழுபத்திரண்டு வயதில், நோபல் பரிசு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பொறுமை அது.

இனி அளவைக்கு வருவோம். தேவையானவை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிடைப்பவைதான்: உப்பலோடே பாகுநிலைமானி என்னும் மூன்று கைகள் கொண்ட கண்ணாடிக் குழாய், வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டி, ஸ்டாப்வாட்ச், டொலுயீன். ஒரு சிறு குமிழில் மேல்கோடும் கீழ்கோடும் கீறியிருக்கும். குமிழுக்குக் கீழே மயிரிழைத் துளையுள்ள குழாய். நீர்மத்தை மேலே உறிஞ்சி விட்டுவிட்டு, அதன் மட்டம் மேல்கோட்டைத் தாண்டும் கணத்தில் கடிகாரத்தை அழுத்த வேண்டும். கீழ்கோட்டைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். மூன்றாவது கை நுண்துளைக் குழாயின் அடியில் காற்றை விடுகிறது. ஆகவே தொட்டியில் எவ்வளவு கரைசல் கிடக்கிறது என்பது இறங்கும் நேரத்தைப் பாதிக்காது. இந்த ஏற்பாட்டால் குழாயைக் கழுவாமலே, உள்ளேயே டொலுயீனைச் சேர்த்துச் சேர்த்துக் கரைசலை நீர்க்கச் செய்து மறுபடி மறுபடி அளக்க முடிகிறது.

வெப்பநிலையில்தான் தீவுகளில் சங்கடம். அளவைகள் பொதுவாக 25 டிகிரி செல்சியஸில் செய்யப்படுகின்றன. அந்தமான் நிக்கோபாரில் பகல் வெப்பம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். குளிர்நாட்டு ஆய்வகத்தில் தொட்டியைச் சூடாக்கினால் போதும். இங்கே குளிர்விக்கவும் வேண்டும். விட்டுவிட்டால் என்ன? டொலுயீனின் பாகுநிலை ஒரு டிகிரிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மாறும். சிறியதாகத் தெரிகிறது. ஆனால் நாம் அளப்பது கரைசலுக்கும் வெறும் டொலுயீனுக்கும் உள்ள வித்தியாசத்தை. நீர்த்த கரைசலில் அந்த வித்தியாசமே பத்து சதவீதம்தான் இருக்கும். டொலுயீனை ஒரு வெப்பநிலையிலும் கரைசலை அதற்கு ஒரு டிகிரி தள்ளியும் அளந்துவிட்டால், விடையில் பத்தில் ஒரு பங்கு பிழை. நல்ல ஆய்வகங்கள் நூறில் சில பங்கு டிகிரிக்குள் தொட்டியைப் பிடித்து வைப்பது இதனால்.

ரப்பரைக் கரைப்பதும் அவசர வேலை இல்லை. துண்டுகளை டொலுயீனில் இட்டு, இருட்டில், குலுக்காமல், நாள்கணக்கில் விட வேண்டும். வெளிச்சமும் காற்றும் சங்கிலியை அறுக்கும். வேகமாகக் கலக்கினாலும் அறுபடும். இவ்வளவு பக்குவம் பார்த்தும் ஒரு பகுதி கரையாது, உப்பிய ஜெல்லாக அடியில் நிற்கும். அதை வடிகட்டி எடுத்துவிட்டு, கரைந்த பகுதியின் செறிவை உலர்த்தி நிறுத்துக் கணக்கிட வேண்டும்.

ஓர் எண் உதாரணம். வெறும் டொலுயீன் இறங்க 100 விநாடி. நூறு மில்லிலிட்டரில் 0.1 கிராம் ரப்பர் உள்ள கரைசல் 145.6 விநாடி. பாதியாக நீர்த்தால் 121.4. இன்னும் பாதியாக்கினால் 110.35. டொலுயீனைவிட எத்தனை பங்கு அதிகம் என்பதைச் செறிவால் (நூறு மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம்) வகுத்தால் முறையே 4.56, 4.28, 4.14. செறிவு குறையக் குறைய எண்ணும் குறைகிறது. அடர்ந்த கரைசலில் குவியல்கள் ஒன்றையொன்று இடிப்பதால் வரும் கூடுதல் தடை விலகிக்கொண்டே போகிறது. மூன்று புள்ளிகளையும் வரைதாளில் குறித்து ஒரு நேர்கோடு இழுத்தால், செறிவு சூன்யமாகும் இடத்தில் அது 4.00ஐத் தொடும். மூலக்கூறு தனியாக, அக்கம்பக்கத்தில் வேறொன்றும் இல்லாமல் இருந்தால் என்ன காட்டுமோ அதுவே இந்த எண். இதற்கு உள்ளார்ந்த பாகுநிலை என்று பெயர். இப்படி நேர்கோடு இழுக்கும் முறை மாரிஸ் ஹக்கின்ஸ் 1942இல் தந்தது. யாராலும் செய்ய முடியாத ஒரு சோதனையின் விடையை, செய்யக்கூடிய மூன்று சோதனைகளிலிருந்து பெறுகிறோம். பாலிமர் அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

இந்த 4.00 இன்னும் மோலார் நிறை ஆகவில்லை. அதற்கு ஒரு மாற்றுச் சமன்பாடு வேண்டும். ரப்பருக்கு அதைக் கார்ட்டர், ஸ்காட், மகாட் மூவரும் 1946இல் கொடுத்தார்கள். ரப்பரை நீளவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மோலார் நிறையையும் சவ்வூடு பரவல் அழுத்தத்தால் தனியாக அளந்து, அதே பகுதியின் பாகுநிலையோடு பொருத்திப் பார்த்தார்கள். 25 டிகிரியில் டொலுயீனில், மோலார் நிறையை 0.667 அடுக்குக்கு உயர்த்தி 0.000502ஆல் பெருக்கினால் உள்ளார்ந்த பாகுநிலை வரும். நம் 4.00க்கு விடை ஏழு லட்சம். அதாவது சுமார் பத்தாயிரம் ஐசோப்ரீன் அலகுகள். பத்து லட்சம் மோலார் நிறைக்கு 5.04 வரும், முன்பு சொன்ன 500 மில்லிலிட்டர் அங்கிருந்து வந்தது. மிக நீளமான சங்கிலிகளை நுண்துளைக் குழாயின் ஓட்டமே கொஞ்சம் இழுத்து நீட்டிவிடும் என்பதால் அதற்கும் ஒரு திருத்தம் உண்டு; ஆய்வேடுகளில் அதைக் கவனிப்பார்கள்.

அந்த 0.667 வெறும் பொருத்து எண் அல்ல; மூலக்கூறின் உருவத்தைச் சொல்கிறது. இறுகிய உருண்டைக்கு அடுக்கு சூன்யம். தளர்ந்த சுருளுக்கு 0.5 முதல் 0.8 வரை. விறைத்த குச்சிக்கு அதைவிட வெகு அதிகம். நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானை உப்பு சேர்த்த நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் அளந்தால் 0.93 வருகிறது, சங்கிலி ரப்பரைவிட விறைப்பானது என்று பொருள். அங்கே உப்பு கட்டாயம். கைட்டோசான் சங்கிலி முழுக்க ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் உப்பில்லாத நீரில் அலகுகள் ஒன்றையொன்று தள்ளி, நீர்க்க நீர்க்கக் குவியல் மேலும் விரியும். கோடு சூன்யத்தை நோக்கி இறங்காமல் ஏறிவிடும். பழுப்புக் கடற்பாசிகளின் ஆல்ஜினேட்டும் அப்படித்தான். ரப்பருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரப்பரின் தொல்லை வேறு: அது அறுந்துபோவது. பத்து லட்சம் மோலார் நிறையுள்ள ஒவ்வொரு சங்கிலியும் சரியாக நடுவில் ஒருமுறை அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகிறது என்றால், ஒரு டன் ரப்பருக்கு ஆகும் ஆக்சிஜன் 32 கிராம். இந்த மாற்றத்தை எடை போட்டோ சாதாரண வேதிப் பகுப்பாய்வு செய்தோ கண்டுபிடிக்க முடியாது. 14,700 அலகுகளில் ஒரேயொரு இணைப்புதான் போயிருக்கிறது. ஆனால் உள்ளார்ந்த பாகுநிலை 5.04லிருந்து 3.17க்கு விழுந்துவிடும். முன்பு சொன்ன குழாயில், நூறு மில்லிலிட்டருக்கு 0.1 கிராம் கரைசலில், 159 விநாடி 135 ஆகிவிடும். பள்ளி மாணவர் கையிலுள்ள கடிகாரமே இதைப் பிடித்துவிடும். மூலக்கூறு நீளத்துக்கு இவ்வளவு கூர்மையான சாட்சி, இவ்வளவு மலிவாக, வேறெதுவும் இல்லை.

தோட்டத்தில் பின்பற்றும் கட்டுப்பாடுகளுக்கும் காரணம் இதுவே. உலரும் ஷீட்டை வெயிலில் நெடுநேரம் போடக்கூடாது; புகையறையின் சூடு அளவுக்கு மீறக்கூடாது; செம்புப் பாத்திரம் பாலுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. செம்பும் மாங்கனீசும் துளியளவு கலந்தாலும் ஆக்சிஜனின் வேலையைப் பல மடங்கு துரிதப்படுத்தும். ஒட்டும் ஷீட், இளகிய ஷீட் என்று தரம்பிரிப்பவர் ஒதுக்கும்போது அவர் விரல் உணர்வது அறுந்த சங்கிலிகளை.

தொழிற்சாலையிலோ சங்கிலியை வேண்டுமென்றே அறுக்கிறார்கள். கரியும் கந்தகமும் உள்ளே கலக்க வேண்டுமானால் ரப்பர் இளக வேண்டும். லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820இல் பல் வைத்த உருளையில் ரப்பர் துண்டுகளைக் கிழிக்கப் பார்த்தபோது அவை ஒன்றுதிரண்டு இளகின; அந்த இயந்திரத்தை ஆண்டுக்கணக்கில் ரகசியமாக வைத்திருந்தார். இழுவை சங்கிலியை அறுக்கிறது; ஆக்சிஜன் அறுந்த முனைகளை மூடி மறுபடி ஒட்டாமல் செய்கிறது. நைட்ரஜன் சூழலில் அதே உருளையில் ரப்பரை அரைத்தால் அது பெரிதாக இளகுவதில்லை என்று பைக்கும் வாட்சனும் 1952இல் காட்டினார்கள்.

கிடங்கில் இதற்கு நேரெதிரானது நடக்கும். நல்ல ரப்பர் மாதக்கணக்கில் கிடந்தால் இறுகிக்கொண்டே போகும். வாங்கும் தொழிற்சாலை இதை உருக்கிக் கரைத்துப் பார்ப்பதில்லை. மெல்வின் மூனி 1930களில் அமைத்த கருவியில், 100 டிகிரிக்குச் சூடாக்கிய ரப்பருக்குள் ஒரு தட்டை நிமிடத்துக்கு இரண்டு சுற்று வீதம் சுழற்றி, நான்கு நிமிடம் கழித்து எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று படிப்பார்கள். கப்பலில் ஏற்றும்போது இருந்த எண் இறக்கும்போது இருக்காது; வாங்குபவர் விற்றவரைச் சந்தேகிப்பார். இதை ஆராய்ந்தவர் மலேசியாவின் பி.சி. சேகர், சுங்கை பூலோ தோட்டப் பகுதியில் பிறந்தவர். ரப்பர் சங்கிலிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் வேற்றுத் தொகுதிகள் ஒன்றோடொன்று பிணைந்து குறுக்கே கட்டிக்கொள்வதே இறுக்கத்துக்குக் காரணம் என்று கண்டார். பாலிலேயே சிறிது ஹைட்ராக்சிலமீன் சேர்த்து அந்தத் தொகுதிகளை முன்கூட்டியே அடைத்துவிட்டால் ரப்பர் இறுகாது. பாகுநிலை மாறாத ரப்பர் என்ற தனித்தரம் இப்படித்தான் சந்தைக்கு வந்தது. செயற்கை ரப்பரோடு போட்டிபோட்ட காலத்தில், இந்த ஒரு மாற்றம் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களின் கூலியைக் காப்பாற்ற உதவியது என்பது என் கருத்து.

கடைசியாக, இதுவரை ‘ரப்பரின் மோலார் நிறை’ என்று ஒருமையில் எழுதியதற்கு விளக்கம் தர வேண்டும். மரம் எல்லாச் சங்கிலிகளையும் ஒரே நீளத்தில் செய்வதில்லை. ஒரு லட்சம் மோலார் நிறையுள்ள சங்கிலிகளையும் இருபது லட்சம் உள்ளவற்றையும் சம எடையில் கலந்ததாக வைத்துக்கொள்வோம். சவ்வூடு பரவல் அழுத்தம் தலைகளை எண்ணும்; குட்டைச் சங்கிலிகளே எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அது 1.9 லட்சம் என்று சொல்லும். ஒளிச் சிதறல் என்ற மற்றொரு முறை பெரியவற்றுக்கே அதிக மதிப்புத் தரும், அது 10.5 லட்சம் என்னும். நம் கண்ணாடிக் குழாய் 8.6 லட்சம் என்னும். மூன்றும் சரி. மூன்றும் ஒரே புட்டியிலுள்ள ரப்பரைப் பற்றியவை. ஓர் ஆய்வுக்கட்டுரையில் மோலார் நிறையைப் பார்த்தால், எந்த முறையில் அளந்தது என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக்கூடாது.

இது கற்பனைக் கலவை மட்டுமில்லை. மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ. சுப்ரமணியம், அப்போது புதிதாக வந்திருந்த ஜெல் ஊடுருவல் முறையில் ரப்பரை நீளவாரியாகப் பிரித்து 1972இல் வெளியிட்ட வரைபடங்களில், பல ரகங்களுக்கு இரண்டு மேடுகள் இருந்தன: ஒன்று குட்டைச் சங்கிலிகளுக்கு, ஒன்று நெட்டைச் சங்கிலிகளுக்கு. எந்த மேடு எவ்வளவு உயரம் என்பது ரகத்துக்கு ரகம் மாறியது. ஒரே தோட்டத்தில், ஒரே மழையில், ஒரே கத்தியால் வெட்டப்படும் இரு ரக மரங்கள் வெவ்வேறு நீளப் பங்கீட்டில் சங்கிலிகளைச் செய்கின்றன. பிறகு ஜப்பானின் யசுயுகி தனகா குழுவினர், சங்கிலியின் ஒரு முனையில் புரதங்களும் மறுமுனையில் பாஸ்போலிப்பிடுகளும் பற்றிக்கொண்டு பல சங்கிலிகளை ஒரு கிளைக்கூட்டமாக்குகின்றன என்று காட்டினார்கள். டொலுயீனில் கரையாமல் அடியில் நின்ற ஜெல்லுக்கு இது விளக்கம். நொதியால் புரதத்தை நீக்கி, பாஸ்போலிப்பிடு இணைப்பையும் வெட்டிவிட்டால் கிளைகள் விடுபட்டு ரப்பர் நேர்ச் சங்கிலிகளாகக் கரைகிறது. உள்ளார்ந்த பாகுநிலையும் இறங்குகிறது. சங்கிலி எதுவும் அறாமலே எண் குறைகிற இந்த இடத்தில், பாகுநிலைமானியின் ஒற்றை எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒளிச் சிதறலையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.